பத்தாம் நம்பர் அறை

நான் கெட்டிக்காரன் என்று எங்கள் லயத்தில் எல்லோரும் நம்பினார்கள். எனக்கும் அதில் சந்தேகம் இருந்ததில்லை. குமுளிக்கு மேலே ஏலத்தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான அந்த லயத்தில் பிறந்து கம்ப்யூட்டர் கம்பெனி வைத்தவன் நான் ஒருத்தன்தான். கம்பெனி என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். நானும் செல்வப்பிரியாவும் இரண்டு லேப்டாப்பும்.

மே மாதக் கடைசியில் பஞ்சாயத்து ஒரு வேலை கொடுத்தது. பெருமழையில் லயத்து ஆட்களை முகாமுக்குக் கொண்டுபோக ஒரு ஆப் வேண்டும். எந்த அறையில் யார் என்ற பட்டியல் அதில் சிவப்பில் இருக்கும். ஆள் முகாமுக்கு வந்துவிட்டால் பெயர் பச்சையாகும். சிவப்பாக இருக்கும் அறைகளுக்கு மட்டும் ஜீப் போகும். மூன்று வாரம்தான் அவகாசம்.

ஆப்பை எந்த ஃபிரேம்வொர்க்கில், அதாவது எந்தத் தயார் மென்பொருள் சட்டகத்தில், கட்டுவது என்பதில் எங்களுக்குள் சண்டை. செல்வப்பிரியா பழையது ஒன்றைச் சொன்னாள். அதில் அட்டவணைகளை நாமே ஒவ்வொன்றாக வடிவமைக்க வேண்டும், இரண்டு மாதம் இழுக்கும். நான் சொன்ன புதியதில் எல்லாம் தயாராகக் கிடைத்தது. ஆளுக்கு அடையாளம் போன் நம்பர். ஒரு நம்பருக்கு ஒரே ஆள்.

“ஏனுங்க வினோ, போன் இல்லாதவங்கள எங்கீங்க போடறது?” என்றாள். மீனாட்சிபுரத்துக்காரி, சண்டையிலும் மரியாதை விடமாட்டாள்.

“சொந்தக்காரங்க நம்பரப் போடு.”

“அந்தச் சொந்தக்காரரும் அதே நம்பரப் போட்டா, மொதல்ல போட்ட பேரு அழிஞ்சு போயிருமுங்க.”

“இந்தக் காலத்துல போன் இல்லாத ஆளு எத்தன பேரு இருக்கப் போறாங்க? அப்புறமா சரி பண்ணிக்கலாம்.”

ஒரே போன் நாலு அறைக்குச் சுற்றும் லயத்தில் வளர்ந்தவன் சொன்ன பதில் இது. தெரியாமல் சொல்லவில்லை. வேலையை முடித்துக் காட்டும் வெறியில் வசதியாக மறந்துவிட்டேன்.

பத்தாம் நம்பர் அறையில் இருந்தது என் சித்தி மதலேனம்மாள். அம்மா போன பிறகு என்னை வளர்த்தவள். நான் டவுனுக்கு வந்த பிறகு தனியாக இருந்தாள். அவளுக்கு முட்டுவலி, ஜீப் வாசலுக்கு வந்தால்தான் ஏறுவாள். அந்த அறையும் ஓடைக்கு அப்பால் ஒதுங்கிக் கிடந்தது. செல்வப்பிரியா பெயர் எழுதப் போனபோது சித்தி சொன்னாளாம்: “எனக்கு எதுக்கு தாயி போனு? அவன் நம்பரப் போட்டுக்க. எனக்குன்னு அவன் ஒருத்தந்தான இருக்கான்.”

மறுநாள், ஆப் வேலை செய்கிறதா என்று பார்க்க, என் நம்பரைப் போட்டு என் பெயரை அடித்தேன். சேமித்தாயிற்று என்று வந்தது. அறை எண் என்ற இடத்தில் ஏற்கெனவே 10 என்று இருந்ததை நான் கவனிக்கவில்லை.

ஜூலையில் மூன்று நாள் மழை விடவில்லை. ஜீப்புகள் ஆட்களைப் பள்ளிக்கூடத்திலும் சர்ச் ஹாலிலும் இறக்கின. நான் பள்ளிக்கூடத்தில் லேப்டாப்போடு இருந்தேன். சித்தி ஜெபம் நடக்கிற இடத்தில்தான் இருப்பாள், சர்ச் ஹாலுக்குப் போயிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். வார்டு மெம்பர் ஜோமோன் திரையைப் பார்த்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார்.

“பத்தாம் நம்பர், வினோ.”

எனக்குச் சிரிப்பு வந்தது. சோதனைக்குப் போட்டதை அழிக்காமல் விட்டிருக்கிறேன். பத்தாம் நம்பர் என்று வந்ததும் நெருடவில்லை, நான் வளர்ந்த வீடுதானே.

“நான்தான் இங்க இருக்கேன்ல, பச்சை பண்ணுங்க சேட்டா” என்றேன். அவரும் சிரித்துக்கொண்டே திரையைத் தொட்டார்.

அறுபத்திரண்டு பேரும் பச்சை. ஜீப்புகள் நின்றுவிட்டன. சாயங்காலம் நாலு மணிக்கு மலை சரிந்தது.

இரண்டாம் நாள்தான் சித்தி மண்ணுக்கடியில் கிடைத்தாள். கிளம்பத் தயாராக, பையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தாள். அதில் ஒரு சேலை, ஜெபமாலை, நான் மறந்துவிட்டுப் போன ஸ்வெட்டர். ஜீப் வரும் என்று உட்கார்ந்திருக்கிறாள். “நான் அன்னைக்கே சொன்னனுங்களே” என்று செல்வப்பிரியா சொல்லியிருக்கலாம்.

போன வாரம் சாவுச் சான்றிதழுக்காக பஞ்சாயத்து ஆபீஸ் போனேன். அந்த அறையில் அப்படி ஒரு ஆள் இருந்ததாகப் பட்டியலில் இல்லையே என்று, நான் கட்டிய ஆப்பிலிருந்தே ஒரு தாளை எடுத்து நீட்டினார்கள்.

அறை 10. வினோ. பத்திரமாக இருக்கிறார்.