டூலன் அண்ணாச்சியும் எதிராளி ஓட்டும்

உலகத்தில் தேர்தல் என்று ஒன்று தோன்றிய நாளிலிருந்து, எதிர்த்து நின்றவரின் ஓட்டையே வாங்கி, அந்த ஒற்றை ஓட்டில் ஜெயித்த மனிதர் ஒருவர்தான். அவர் அயர்லாந்துக்காரர். ஜெயித்த இடம் முக்கூடலுக்குக் கிழக்கே பொன்னாங்கரை ஊராட்சி. வருஷம் தொண்ணூற்றாறு. அவருக்கு பூத் ஏஜெண்டாக உட்கார்ந்தவன் பாக்கியசீலனாகிய நான். தபால் ஆபீஸில் ஓய்வு பெற்ற பிறகு நான் பார்த்த ஒரே உருப்படியான வேலை அது.

ஓட்டு எண்ணி முடித்த அன்றே இதை ஊரெல்லாம் சொல்ல ஆரம்பித்துவிட்டேன். தோற்ற காசிலிங்கம் பல்லைக் கடித்தார். "நான் எனக்குத்தாம்வே குத்தினேன். நீரு என்ன திரைக்குள்ள வந்து பாத்தீரா?" போட்டவரே இல்லை என்றால் வேறு யார் நம்புவார்கள்?

கார்மக் டூலன் கிளேர் என்கிற சீமையில் ஒரு விவசாயியின் கடைசி மகன். அங்கே நிலமெல்லாம் மூத்தவனுக்குப் போகுமாம். இவருக்குக் கிடைத்தது கப்பல் டிக்கெட். பாளையங்கோட்டையில் மிஷன் பண்ணையில் விவசாயம் சொல்லிக்கொடுக்க வந்தார். சொல்லிக்கொடுத்தது போதும், செய்து பார்ப்போம் என்று வேலையை விட்டுவிட்டு, யாரும் சீந்தாத கடைமடையில் அரைக்கோட்டை விதைப்பாடு நிலம் வாங்கினார். டீச்சர் இன்பமணியைக் கட்டினார். இந்தியக் குடிமகனாகப் பதிந்துகொண்டார். வெயில் பட்டுப் பட்டு அவர் முகம் உடன்குடிக் கருப்பட்டி நிறத்துக்கு வந்துவிட்டது என்று சொன்னால் கொஞ்சம் கூடுதல்தான். ஆனால் பிடரி அந்த நிறம்தான், சத்தியம்.

அவருடைய சண்டை முழுக்கத் தண்ணீரோடு. ஆற்றிலிருந்து பிரியும் எங்கள் கால்வாயில் முதல் மடை காசிலிங்கத்தின் ஆட்களுடையது. அவர்கள் பலகையை இறக்கிவிட்டால் கடைமடைக்கு ஈரவாடைகூட வராது. கீழே கால்வாய் முழுக்க ஆகாயத்தாமரை. ஒரு யானை அதன்மேல் நடந்து முக்கூடலுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். மூன்று வருஷம் பிசான நெல் தொடர்ந்து காய்ந்தது. டூலன் கலெக்டர் ஆபீஸ் வராந்தாவில் உட்கார்ந்து உட்கார்ந்து அங்கே ஒரு பெஞ்சைத் தேய்த்தார். ஒன்றும் நடக்கவில்லை.

"மனு குடுக்கவன் கையில மடை இல்ல. தலைவர் கையிலதான் இருக்கு. நான் தலைவராவேன்" என்றார்.

"ஆவாதபோனா?" என்றார் இன்பமணி டீச்சர்.

"இந்த வருசமும் காஞ்சா நிலத்தை வித்துர வேண்டியதுதான்."

டீச்சர் தேர்தல் செலவுக்கு வளையலைக் கழற்றி வைத்தார்.

காசிலிங்கம் பிரசாரத்தில் பிளந்து கட்டினார். "வெள்ளக்காரன் ஆண்டது போதாதாலே? திரும்பக் கூட்டியாந்து நாற்காலியில உக்கார வைக்கியளா?"

டூலன் அதே இடத்தில் மைக் பிடித்தார். "எங்க ஊரையும் அவனுவதாம்வே ஆண்டானுவ. உங்களுக்கு முந்தி நாங்க வெரட்டிட்டோம். அந்த வகையில நான் உங்களுக்கு மூத்தவன், மரியாதை குடுங்க!"

சிரிப்பு அள்ளியது. ஆனால் சிரித்தவனெல்லாம் ஓட்டுப் போடுவானா? மேல்மடையில் வீடுகள் அதிகம். தோற்றுவிடுவோம் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது.

பிரசாரத்தின் கடைசி நாள் காலையில் காசிலிங்கத்தின் அம்மை இறந்துபோனார். ஆச்சி பிறந்த வீடு கடைமடையில். கட்டிக்கொடுத்தது மேல்மடைக்கு என்றாலும், சாவது பிறந்த வீட்டில்தான் என்று போன மாதமே வந்து படுத்துக்கொண்டவர்.

எனக்கு உள்ளுக்குள் ஒரு பாவம் பிடித்த சந்தோஷம். எதிராளி முடங்கிவிட்டார், நமக்கு ஒரு முழு நாள்! மைக் செட் கட்டிய வேனோடு டூலன் வீட்டுக்குப் போனால், மனிதர் சட்டையில்லாமல் துண்டோடு நிற்கிறார்.

"வேனைத் திருப்பி அனுப்பும். துட்டி கேக்கப் போறேன்."

"அண்ணாச்சி, இன்னைக்கு ஒரு நாள்தான் இருக்கு! போயிட்டு அரைமணியில வந்துருவோம்."

"துட்டி வீட்டுல அரைமணியா? எங்க ஊர்ல அப்படிப் போனா பொணமே எந்திச்சு ஏசும்வே."

துட்டி வீட்டில் வேறொரு ரகளை. எங்கள் பக்கத்தில் இறந்தவரைக் குளிப்பாட்ட மகனும் பேரன்களும் ஊர்ப் படித்துறைக்குப் போய்க் குடத்தில் தண்ணீர் எடுத்து வரவேண்டும். நீர்மாலை என்போம். அது எடுக்காமல் உடல் தெருவைத் தாண்டாது. கடைமடைப் படித்துறையிலோ சொட்டுத் தண்ணீர் இல்லை, ஆடு படுத்திருந்தது.

காசிலிங்கம் தயங்கித் தயங்கிச் சொன்னார். "வேன்ல கேன் ஏத்தி ஆத்துத் தண்ணி கொண்டாந்துரலாம்."

பெண்கள் பக்கத்திலிருந்து இடி விழுந்தது. ஆச்சியின் தங்கச்சி எழுந்து நின்றார். "கேன்லயா? ஏலே, எங்க அக்கா இந்தத் தொறையில குளிச்சு வளந்தவ. ஒன் மடையை நீ அடைச்சே. இப்ப ஒன் அம்மைக்குத் தண்ணி இல்ல. தொறையில தண்ணி வராம அவளை எடுக்க விடமாட்டேன்!"

காசிலிங்கம் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். அந்த ஒரு நிமிஷத்தில் டூலன் நாலு வார்த்தை பேசியிருந்தால் தேர்தல் முடிந்திருக்கும். நான் அவர் விலாவில் இடித்தேன். அவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கால்வாயில் இறங்கினார்.

முதலில் அவர் மட்டும். பிறகு வாக்கரிசி போட வந்த சொந்தக்காரர்கள். துட்டிக்கு வந்த மேல்மடைக்காரர்கள் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு எங்கள் ஆட்களோடு கலந்து நின்று ஆகாயத்தாமரையை அறுத்துக் கரையில் எறிந்தார்கள். நான்கூட இறங்கினேன், ஒரு லாரி லோடு பிடுங்கினேன். சரி, ஒரு வண்டி லோடு. கொட்டுக்காரர்கள் சும்மா இருக்காமல் அடித்துத் தள்ள, வேலை அந்தத் தாளத்தில் ஓடியது. கொள்ளி வைக்க வேண்டியவர் என்று எவ்வளவு தடுத்தும் கேட்காமல் காசிலிங்கமே முதல் மடைக்கு நடந்தார். அவர் கையாலேயே பலகையைத் தூக்கினார்.

வெயில் சாயும் நேரத்தில் தண்ணீர் வந்தது. பழுப்பும் நுரையுமாகப் பைய வந்து படித்துறையின் கடைசிப் படியைத் தொட்டது. ஆடு எழுந்து ஓடியது. காசிலிங்கம் குடத்தை முக்கியபோது டூலன் சேற்றோடு எதிர்க்கரையில் நின்றார்.

ஒரு நாள் விட்டு ஓட்டுப்பதிவு. காசிலிங்கம் மொட்டைத் தலையோடு வந்தார். திரைக்குள் போனவர் வெகுநேரம் வெளியே வரவில்லை. வந்ததும் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். முப்பது வருஷம் மூடிய உறைக்குள் நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று முகத்தைப் பார்த்தே சொன்னவன் நான். எனக்கு அது போதும்.

டூலன் ஒரு ஓட்டில் ஜெயித்தார். மறு எண்ணிக்கையிலும் அதே ஒன்று. அடுத்த வாரமே முறைத் தண்ணீர் என்று அறிவித்தார்: மேல்மடைக்கும் கடைமடைக்கும் மாற்றி மாற்றி.

அன்றைக்கே காசிலிங்கம் வீட்டு முற்றத்தில் மேல்மடைக் கூட்டம் கூடிவிட்டது. வக்கீல் தாஜ் முகம்மது பேப்பரோடு வந்திருந்தார். வேடிக்கை பார்க்க நானும் போய் ஓரமாக நின்றேன்.

"ஒரே ஒரு ஓட்டு அண்ணாச்சி! செல்லாத ஓட்டை எல்லாம் கெளப்பினா கவுத்துரலாம்" என்றார் ஒருவர்.

"கேஸ் நிக்குமான்னு அப்புறம் பாப்போம்" என்றார் வக்கீல். "முதல்ல தலைவர் உத்தரவுக்குத் தடை வாங்கிருவோம். கேஸ் முடியதுக்குள்ள பிசானம் போயிரும். நீங்க கையெழுத்துப் போட்டா போதும்."

பேனாவை நீட்டினார்கள். இந்தப் பிசானம் போனால் டூலன் நிலத்தை விற்றுவிடுவார். கடைமடையில் அதற்கப்புறம் யாருமே நாற்று நடப்போவதில்லை.

காசிலிங்கம் பேனாவை வாங்கவில்லை. மொட்டையைத் தடவிக்கொண்டார்.

"என் கையால குத்தின ஓட்டை எதுத்து நானே எப்படிலே கேஸ் போட?"

கூட்டம் விழித்தது. "என்ன அண்ணாச்சி சொல்லுதிய?"

அவர் என்னைப் பார்த்துக் கையை நீட்டினார். "அந்த தபால் ஆபீஸ் பொய்யன் ஊரெல்லாம் சொல்லுதாம்லா? நிசந்தான். நாந்தான் போட்டேன்."