இருபத்துநான்கு பொட்டுகள்

முப்பது விநாடிக்கு ஒருமுறை விமலகுமாரி வடிதாளை நகர்த்தி, அஞ்சுவின் காதுமடலில் நின்ற ரத்தத் துளியை ஒற்றியெடுத்தாள். தாளில் இது எட்டாவது பொட்டு. இதற்குள் சிறுத்திருக்க வேண்டும், சிறுக்கவில்லை.

மறுநாள் காலை அஞ்சுவுக்கு டான்சில் ஆபரேஷன். அதற்குமுன் காதில் குத்தி, ரத்தம் நிற்க எத்தனை நிமிடம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். இந்தத் தொழிலில் பலர் குத்துவதோடு சரி. 'இரண்டரை நிமிடம்' என்று கை தானாக எழுதிவிடும். பாறசாலையின் இந்தச் சின்ன லேபில், பதினெட்டு ஆண்டுகளில், கடிகாரம் பார்க்காமல் விமலகுமாரி ஒன்றுகூட எழுதியதில்லை. அதில் அவளுக்குக் கர்வம் உண்டு.

லேபின் முதலாளி தேவகுமார் எட்டிப் பார்த்தான். "சேச்சி, எல்லாரயும்போல ரண்டரை எளுதி விடுங்க. வெளிய ஆளு நிக்குவு."

"ஆளு நிக்கட்டும். ரத்தமும் நிக்கணுமே."

பூவாரில் படகோட்டும் பொன்னுதாஸ், மகள் அஞ்சுவின் பக்கத்திலிருந்து எழுந்தான். "பிளேட்லெட் கவுண்டு நல்லா உண்டுண்ணு இப்பதானே சொன்னிய?"

"ரண்டர லெச்சம் உண்டு அண்ணா. ஆளு இருந்தா போருமா, முறிஞ்ச இடத்துல வந்து பிடிக்கண்டாமா?"

பிளேட்லெட் எனும் தட்டணுவுக்குக் கண் கிடையாது, நரம்பு கிடையாது. ரத்தக்குழாயின் சுவர் கிழிந்தால் உள்ளே மறைந்திருந்த நார் வெளியே தெரியும். ரத்தத்தில் மிதக்கும் ஒரு புரதம் அந்த நாரில் ஒட்டி, கயிறுபோல நீளும். ஓடிவரும் தட்டணு அதைப் பிடித்து நின்று, உருமாறி, கால்களை நீட்டி மற்றவற்றையும் அழைக்கும். இந்தப் பெண்ணிடம் கயிறு குறைவோ, பிடிக்கும் கை குறைவோ. மெஷினுக்கு எண்ண மட்டும்தான் தெரியும்.

"காது குத்துனப்பளும் ரண்டு நாளு நிக்கல்ல அக்கா," என்றாள் அஞ்சு.

"எலே மக்கா, இத ஏன் முன்னமே சொல்லல்ல?" என்றான் பொன்னுதாஸ்.

"சொன்னேன். நீங்கதான் தேங்காண்ண போடச் சொன்னிய."

பன்னிரண்டாவது நிமிடத்திலும் ரத்தம் நிற்காததால் விமலகுமாரி பஞ்சை வைத்து அழுத்தி, அஞ்சுவின் விரலை அதன்மேல் வைத்தாள். பிறகு ஆபரேஷன் செய்யவிருந்த டாக்டருக்குப் போன் செய்து சொன்னாள்.

"நீங்களே நேரில் பார்த்தீர்களா?"

"கடிகாரம் வச்சாக்கும் சாரே."

"நாளைக்கு ஆபரேஷன் வேண்டாம். மெடிக்கல் காலேஜில் காட்டச் சொல்லுங்கள்."

தேவகுமார் ரிப்போர்ட்டில் லேபின் முத்திரையைக் குத்தினான். விமலகுமாரி அதனோடு வடிதாளையும் பின் ஊசியால் இணைத்தாள்.

பொன்னுதாஸ் அந்தத் தாளை மடிக்கவில்லை. ஆட்டோவில் உள்ளங்கையில் விரித்துப் பிடித்திருந்தான். இருபத்துநான்கு பொட்டுகள், கடைசியும் முதலும் ஒரே அளவில், காற்றில் மெல்லக் கறுத்துக்கொண்டிருந்தன.