இடது புறங்கை

பதினொரு விபத்துப் படிவங்களிலும் ஒரே வரிதான்: ‘என் கைதான் வழுக்கிவிட்டது.’ பன்னிரண்டாவது, அசினாதேயுடையது. அதிலும் அதே வரி. அதில் மட்டும் இன்னும் கையெழுத்து விழவில்லை; போட வேண்டியவள் வாசிதி.

தீவின் சவுசவு துறைமுகத்திலிருக்கும் அந்தச் சூரைமீன் தொழிற்சாலையில் அவள் பாதுகாப்பு அதிகாரி. சேர்ந்து நாலு மாதம். அவள் அம்மா அங்கே மீன் சுரண்டும் மேசைகளில் இருபது வருஷம் நின்றுதான் அவளைத் தலைநகர் சூவாவுக்கு அனுப்பிப் படிக்கவைத்தாள். ‘காரணம்’ என்ற கட்டத்தில் ‘தொழிலாளியின் கவனக்குறைவு’ என்று மேலாளர் கிரஹாமே அச்சடித்து அனுப்பியிருந்தார். சாயங்காலத்துக்குள் கையெழுத்து வேண்டுமாம். போட்டால் அசினாதேக்கு இழப்பீடு கிடையாது, வேலையும் கிடையாது. இரண்டு விரல் மடங்காத கையை வைத்துக்கொண்டு அவள் எங்கே போய் நிற்பாள்?

மருந்தறையில் கட்டுப் போட்ட கையோடு உட்கார்ந்திருந்த அசினாதேயிடம், நடந்ததைச் சொல்லும்படி வாசிதி கெஞ்சிக்கூடப் பார்த்தாள்.

“என் கைதான் வழுக்கிடுச்சு. அதான் சொல்லிட்டேனே மிஸ், எழுதிக்கோயேன். படிச்ச பிள்ளைக்கு எழுதத் தெரியாதா?”

சிரித்தாள் வேறு. வாசிதிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பதில் சொல்ல வாயெடுத்தவள், அந்தக் கட்டைப் பார்த்து நின்றுவிட்டாள். இடது புறங்கை.

படிவங்களைப் புரட்டினாள். இடது புறங்கை. மறுபடி இடது புறங்கை. பதினொன்றில் ஒன்பது அப்படி. வெந்த மீனை இடது கையால் அமுக்கிக்கொண்டு வலது கைக் கத்தியால் சுரண்டுகிறவளுக்கு வழுக்கினால் விரல் நுனி போகும். புறங்கை எப்படிப் போகும்? நாக்கை அழுத்திப் பார்க்கிற மரக்குச்சியைக் கத்தியாகப் பிடித்துத் தானே செய்து பார்த்தாள். எப்படித் திருப்பினாலும் அந்த இடத்தில் அந்தக் கோணத்தில் படவில்லை.

“உன் கை உன்னை வெட்டல. எதிர்ல நிக்கறது யாரு?”

அசினாதேயின் சிரிப்பு நின்றது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

எதிரில் நிற்பது உலாமிலா, அவள் நாத்தனார். இவர்கள் வழக்கத்தில் நாத்தனாரை ஊர் முன்னால் எப்படி வேண்டுமானாலும் கேலி செய்யலாம். ஆனால் இவள்தான் வெட்டினாள் என்று ஒரு காகிதத்தில் பெயர் எழுதிக் கொடுப்பதா? அதற்குக் கையே போனாலும் தேவலை. இங்கே எல்லா மேசையிலும் எதிரெதிரே நிற்பவர்கள் சொந்தக்காரர்கள்தான். ஒருத்தி வேலைக்கு வந்தால் அடுத்தவளைக் கூட்டி வந்து எதிரில் நிறுத்திக்கொள்வாள். அத்தனை பேரும் மரியாதைக்காகத் தங்கள் தலையில் போட்டுக்கொண்ட பழியை நிர்வாகம் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டது. எவ்வளவு வசதி!

வாசிதி தேதிகளைப் பார்த்தாள். போன வருஷம் முழுக்க இரண்டே வெட்டு. மற்றதெல்லாம் கடந்த மூன்று மாதத்தில். மூன்று மாதத்துக்கு முன்னால்தான் அவள் முதல் உத்தரவு போட்டாள்: வேலை நேரத்தில் பாடக்கூடாது, பெட்டி தூக்கும் வண்டியின் மணி காதில் விழவில்லை.

கீழே கூடத்துக்குப் போனாள். நூற்றிருபது பெண்கள். கத்திகள் கரகரப்பதைத் தவிர வேறு சத்தமில்லை.

“தள்ளி நில்லுங்க மிஸ், பட்டத்துல மீன் வாடை ஏறிடும்” என்றாள் உலாமிலா, முகத்தைப் பார்க்காமல்.

“பாடுங்க.”

“வாயை மூடச் சொன்னது நீதானே?”

“நான்தான். இப்ப பாடுங்கங்கறேன்.”

கடைசி மேசையில் யாரோ தாழ்ந்த குரலில் ஒரு தேவாலயப் பாட்டைத் தொடங்கினாள். இரண்டாவது குரல் சேர்ந்தது. மூன்றாவது, நான்காவது. பிறகு கூடமே ஒரு தொண்டையாகிவிட்டது. தகரக் கூரை அதிர்ந்தது. வாசிதி பார்த்தது குரல்களை அல்ல, கைகளை.

பாட்டின் அடி ஓடும்போது நூற்றிருபது கத்திகளும் சுரண்டின. அடி முடிந்து மூச்சு வாங்கும் இடத்தில் நூற்றிருபது கத்திகளும் நின்றன. அந்த ஒரு மூச்சுக்குள் நூற்றிருபது இடது கைகள் சுரண்டிய கறுஞ்சதையை அள்ளி மேசை நடுவிலிருந்த தொட்டியில் போட்டுவிட்டுத் திரும்பின. அதற்கப்புறம்தான் கத்திகள் அசைந்தன. அலை ஏறி இறங்குகிற மாதிரி, ஒரு கைகூடப் பிந்தவில்லை.

இருபது வருஷம் இங்கே நின்ற அம்மாவின் கைகள் ஞாபகம் வந்தன. ஒரு தழும்பு கிடையாது. பிறந்ததிலிருந்து பார்த்த கைகள். ஒருநாளும் இதை யோசித்ததில்லை.

“மூச்சு வாங்கறப்பதான் கையை நீட்டறீங்க. தெரியுமா?” என்று கேட்டாள்.

உலாமிலா தன் கையைப் பார்த்தாள். எதிரே அசினாதேயின் காலி இடத்தைப் பார்த்தாள்.

“பொழுது போகப் பாடறோம்னுல்ல நினைச்சேன்” என்றாள். அடுத்த அடியில் அவள் குரல் சேரவில்லை.

அசினாதேயின் படிவத்தில் அச்சடித்திருந்த வரியை வாசிதி அடித்துவிட்டு எழுதினாள். எதிரெதிரே நிற்கும் இருவருக்கு ஒரே தொட்டி. ஒருத்தி கை நீட்டும்போது மற்றவள் கத்தி ஓடுகிறது. இதுவரை தடுத்தது பாட்டு. அதை நிறுத்தியவர் பாதுகாப்பு அதிகாரி. இனி ஆளுக்கொரு தொட்டி, வெட்டுப்படாத கையுறை, வண்டிக்கு மணியோடு சுழல்விளக்கு. பாட்டை நம்பி மட்டும் கத்தியைக் கொடுக்கக் கூடாது.

கிரஹாம் இரண்டு தரம் படித்தார். “கையுறை போட்டா வேகம் குறையும்னு எத்தனை தரம் சொல்றது? இதுல உன் வேலையும் போகும்மா. தெரிஞ்சுதான் எழுதினியா?”

“தெரிஞ்சுதான் சார். நகல் தொழிலாளர் அலுவலகத்துக்குப் போயிடுச்சு.”

அவர் கதவைக் காட்டினார். திரும்பும் வழியில் மருந்தறையை எட்டிப் பார்த்தாள். கீழேயிருந்து பாட்டு இன்னும் வந்துகொண்டிருந்தது. அசினாதே கண்ணை மூடி முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். அடி முடிந்து மூச்சு வாங்கிய இடத்தில், கட்டுப் போட்ட இடது கை தானாக எழுந்து, முன்னால் போய், வெறுமையைத் தொட்டியில் போட்டுவிட்டு மடிக்குத் திரும்பியது.