ஓட்மார் போட்ட முடிச்சு

மோசல் ஆற்றங்கரையில் மடத்துத் திராட்சைத் தோட்டத்தை ஏலத்தில் எடுத்த அப்பொலோனியா, சாகும்வரை அதற்குள் கால் வைக்கவில்லை. வைக்க முடியவில்லை என்பதுதான் சரி. வாசலில் நுழைந்து நாலு எட்டு நடந்தால் ஊரைப் பார்த்தபடி சாலையில் நிற்பாள். சுவரேறிக் குதித்த கூலியாட்கள் ஏறிய இடத்திலேயே விழுந்தார்கள். உள்ளே 1802-ம் வருஷத்துத் திராட்சை அழுகாமல் வாடாமல், பனி பெய்தால் பனியைச் சுமந்துகொண்டு, கொடியிலேயே தொங்கியது.

காரணம் ஊருக்கே தெரியும். பழம் கனியத் தொடங்கியதும் வாசல் கம்பத்தில் வைக்கோல் புரி கட்டிவிடுவார்கள். அறுவடை வரை சொந்தக்காரனானாலும், ஆயரே வந்தாலும் உள்ளே போகக் கூடாது. கட்டிய கைதான் அவிழ்க்க வேண்டும். அந்த வருஷம் கட்டியவர் மடத்துச் சகோதரர் ஓட்மார், அப்பொலோனியாவின் கூடப்பிறந்த தம்பி. கட்டிய ஒன்பதாம் நாள் பிரெஞ்சு அரசின் சிப்பாய்கள் வந்து, அறுநூறு வருஷத்து மடத்தை ஒரே மத்தியானத்தில் காலி செய்து, துறவிகளைத் தெருவில் விட்டு, மடத்துச் சொத்தை ஏலம் போடுவதாக அறிவித்தார்கள். அறுவடைவரை பொறுக்க அவர்களுக்குத் தோன்றவில்லை. குடிக்கத் தெரிந்தவனுக்குக் கொடியைப் பற்றி என்ன தெரியும்!

ஓட்மார் அக்கா வீட்டுக் கதவைத் தட்டினான்.

"இந்தக் குளிர்காலம் மட்டும் இருந்துக்கறேன்க்கா."

"மடத்து ஆள வீட்ல வச்சிருக்கேன்னு தெரிஞ்சா ஏலத்துல என்னைக் கிட்டயே சேக்க மாட்டாங்கடா. அது முடியட்டும், அப்புறம் வா."

போய்விட்டான். தனக்கிருந்த ஒரே வயலை விற்றுத் தோட்டத்தை எடுத்தாள் அவள். ஏலம் முடிந்தும் தம்பி வரவில்லை. கொல்லன் புரியைக் கோடரியால் வெட்டினான்; கோடரியை எடுப்பதற்குள் புரி பழையபடி தொங்கியது. இதைப் பார்க்க முதலில் அயலூரிலிருந்தெல்லாம் வந்தார்கள், பிறகு அலுத்துப்போய் நிறுத்திக்கொண்டார்கள். பீப்பாய் செய்யும் மத்தியாஸுக்கு மட்டும் அலுக்கவில்லை.

"பீப்பாய் எப்ப அனுப்பட்டும் அப்பொலோனியா? நீ சொல்லி வச்சதுக்குள்ள எலி குட்டி போட்டுக் குடும்பமே நடத்துது."

"உன் வாய்க்கு ஒரு புரி கட்டினா ஊருக்குப் புண்ணியம்."

சொல்வாளே தவிர, அடுப்பில் வைக்க ஒன்றும் இல்லாத நாட்கள் அதிகமாகிவிட்டன. ஏழாம் வருஷம் தம்பியைத் தேடிக் கிளம்பி, மலைக்கு அப்பால் ஒரு பண்ணையில் வாத்து மேய்த்துக்கொண்டிருந்தவனைக் கண்டுபிடித்தாள். "முடிச்ச அவுத்துக் குடுடா" என்றாள். கோபிக்காமல் வண்டியில் ஏறிக்கொண்டான். வழி முழுக்கக் கைகளை அங்கிக்குள்ளேயே வைத்திருந்தான். குளிர் போல என்று நினைத்தாள். வாசல் கம்பத்தடியில்தான் வெளியே எடுத்தான். பத்து விரலும் இல்லை.

"எப்படிடா?"

"அந்தக் குளிர்காலம்தான்க்கா. ஆட்டுக் கொட்டாயில படுத்திருந்தேன். வெறச்சுப் போச்சு, வைத்தியர் வெட்டிட்டாரு."

முட்டைக்கோஸ் விலை சொல்கிற குரலில் சொன்னான். மணிக்கட்டுகளால் இடுக்கிப் பொழுது சாயும்வரை முயன்றான். வைக்கோல் அசையவே இல்லை. பல்லால் கடித்து இழுத்தான். இளகிய முடிச்சு வாயை எடுத்ததும் தானாக இறுகிக்கொண்டது. வேடிக்கை பார்த்த மத்தியாஸ் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனான். அதன்பிறகு பீப்பாய் பற்றி அவன் பேசவில்லை.

பதினோரு வருஷம் அவள் ஊரார் துணியை வெளுத்துத் தம்பியைக் காப்பாற்றினாள். மூன்று வேளையும் ஊட்டினாள். எதிர் ஜன்னலில் தோட்டம் தெரியும். அவன் ஒரு சொல் குத்திப் பேசியதில்லை. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. ஒருநாள் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே உடைந்து அழுதாள்.

"ஒரு தடவ, ஒரே ஒரு தடவ என்னைத் திட்டேன்டா!"

"எதுக்குக்கா? சூப்பு ஆறுது, குடு" என்று வாயைத் திறந்தான் ஓட்மார்.

ஊட்டினாள். தோட்டம் இன்னும் மூடித்தான் கிடக்கிறது. ஆற்றுக்குப் போகிறவர்கள் சுற்றுவழியில் போகிறார்கள்.