பதினேழாம் எண் படம்

கடத்தல் கும்பலில் நாலு பேர் பிடிபட்டார்கள். அதில் ஒருவன் பெயர் முஸ்லிம் பெயர். போதாதா? செய்தி ஆசிரியர் என் மேஜைக்கு வந்து, "பதினேழைப் போட்டுடும்மா" என்றார்.

பத்திரிகையில் பக்கம் வடிவமைப்பவள் நான். பதினேழு என்பது கோப்பில் கிடக்கும் பழைய படம். வெள்ளைத் தொப்பி போட்ட நாலு பேர் தொழுகையில் நிற்பார்கள், பின்னாலிருந்து எடுத்தது. குண்டுவெடிப்போ, போலி பாஸ்போர்ட்டோ, எங்கள் ஆட்கள் பெயர் அடிபட்டால் உடனே பதினேழுதான்.

அதில் வலது ஓரத்தில் நிற்பவர் என்னைப் பெற்ற அத்தா. லிஃப்ட் மெக்கானிக். சட்டைத் தோளில் கோணல்மாணலாக ஒரு தையல் தெரியும். அது என் கைவண்ணம்.

ஆறு வருடமாக யாரிடமும் மூச்சு விடவில்லை. வேலை போய்விடுமோ என்ற பயம். ஒவ்வொரு முறையும் வலது ஓரத்தை வெட்டிவிட்டு மற்ற மூவரை மட்டும் வைப்பேன். அவர்களும் யாருக்கோ அத்தாதானே என்று உறைக்கும். உறைக்காத மாதிரி இருந்துவிடுவேன். வெட்கக்கேடு.

இன்று பக்கத்தின் முழு அகலத்துக்கும் படம் கேட்டார். வெட்ட வழியே இல்லை.

"போட முடியாது சார். இதுல நிக்கிறது எங்க அத்தா."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "முகமே தெரியலையேம்மா! யாருக்குத் தெரியப்போகுது?"

"முகம் தெரிஞ்சிருந்தா இத்தனை வருஷம் போட்டிருப்பீங்களா? இவங்க நாலு பேரும் தொழுதாங்க சார், வேற ஒண்ணும் பண்ணல. பிடிபட்டவங்க படம்தான் போலீஸ்ல இருந்து வந்திருக்கே, அதைப் போடலாமே."

குரல் நடுங்கியது. நடுங்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு, குனிந்து திரையில் அந்த நாலு முதுகுகளையும் பார்த்தார். "அதையே போடு. இதைக் கோப்புலேருந்தே தூக்கிடு" என்று சொல்லிவிட்டுப் போனார். என் கையாலேயே அழித்தேன். அந்த நாற்காலியில் அவ்வளவு நிமிர்ந்து நான் என்றுமே உட்கார்ந்ததில்லை.

உடனே அத்தாவுக்கு போன் போட்டு, ஆறு வருடக் கதையையும் கொட்டினேன்.

"தெரியும்மா" என்றார். "நீ என்னை வெட்டிட்டா மட்டும்? பக்கத்துல நின்னவங்களை எனக்கு அடையாளம் தெரியாதா? அந்தப் படம் வர்ற அன்னைக்கெல்லாம் ஒர்க்‌ஷாப்ல யாரும் பாக்குறதுக்குள்ள பேப்பரை மடிச்சு டூல்ஸ் பெட்டிக்குள்ள வச்சுடுவேன். உன் வேலைக்கு வம்பு வரக்கூடாதுன்னு வாயே தொறக்கல."

நான் மூக்கை உறிஞ்சியது அவருக்குக் கேட்டுவிட்டது.

"அழாதம்மா. நாளைக்கு நான்தான் முதல்ல போய் பேப்பரை எல்லாருக்கும் விரிச்சு வைக்கப்போறேன். என் பொண்ணு செஞ்ச பக்கம்னு சொல்லப்போறேன்."