கேட்காமல் மாற்றிய பெயர்

2003 ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, எப்சி ஜோஸ் முதல் மாடியில் இருந்த சர்வர் அறைக்கு வந்தாள். அந்த அறைக்கு யாரும் வருவதில்லை. ஆம்பூரில் இருந்த அந்த ஷூ கம்பெனியில் கம்ப்யூட்டரில் வேலை பார்த்தவர்கள் நூற்று நாற்பது பேர். அந்த அறையில் இருந்து கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொண்ட சுந்தரமூர்த்தி, அவர்களுக்குப் போனில் கேட்கும் குரல் மட்டும்தான். பாஸ்வேர்டு மறந்தால் கூப்பிடுவார்கள், சரியானதும் வைத்துவிடுவார்கள்.

அவனுக்கு முப்பத்திரண்டு வயது. ஊர் கணியம்பாடி. ஆம்பூரில் ஒரு ரூம் எடுத்துத் தனியாக இருந்தான். மற்றவர்கள் சாப்பிடப் போகும்போதுதான் கம்ப்யூட்டர்கள் சும்மா இருக்கும், அவனும் தன் வேலையைப் பார்க்க முடியும். அதனால் கேன்டீன் காலியான பிறகு போய், மேசை துடைக்கிறவர்களுக்கு நடுவில் உட்கார்ந்து சாப்பிடுவான்.

கம்பெனி ஆட்களை அவன் அறிந்ததெல்லாம் திரையில்தான். இடது பக்கம் ஆம்பூர், பேரணாம்பட்டு என்று கம்பெனியின் இரண்டு யூனிட்டுகளுக்கும் இரண்டு மஞ்சள் ஃபோல்டர்கள். ஆம்பூரைத் திறந்தால் கட்டிங், ஸ்டிட்சிங், எக்ஸ்போர்ட் என்று செக்‌ஷன்கள், அவற்றுக்குள் பெயர்கள். ஒரு பெயரை மவுஸால் இரண்டு தட்டுத் தட்டினால் அவருடைய விவரப் பக்கம் திறக்கும். அதில் எதை மாற்றினாலும், ஓகே கொடுத்த சற்று நேரத்தில் கம்பெனியின் எல்லாக் கம்ப்யூட்டரிலும் மாறிவிடும்.

எப்சி எக்ஸ்போர்ட் செக்‌ஷனில் ஷிப்பிங் பேப்பர்கள் பார்ப்பவள். கதவை மூடிவிட்டு நின்றபடியே பேசினாள்.

"சார், சிஸ்டத்துல என் பேர மாத்தணும். எப்சி கிருபானந்தம்னு போடணும். அப்பா பேரு."

"ஜோஸ்னு இருக்கறது..."

"அது வூட்டுக்காரர் பேரு. வேலூர் கோர்ட்ல போன வாரம் டைவர்ஸ் ஆயிடுச்சு." கதவு மூடியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தாள். "இப்ப வேணாம் சார். ஒண்ணாந்தேதிக்கு மேல மாத்துங்க. மாசக் கடைசியில தங்கச்சிக்கு நிச்சயதார்த்தம். எங்க சர்ச்சுக்காரங்க இங்க நாலஞ்சு பேரு வேலை பாக்கறாங்க. அதுவரைக்கும் யாருக்கும் தெரிய வேணாம்."

"நான் பாத்துக்கறேன் மேடம்."

"உங்ககிட்ட மட்டும்தான் சொல்லியிருக்கேன்."

அவள் போன பிறகும் அந்தக் கடைசி வார்த்தை அவனுக்குள் இருந்துகொண்டே இருந்தது. வேலைக்குச் சேர்ந்த நான்கு வருடத்தில் யாரும் அவனிடம் சொந்த விஷயம் எதையும் சொன்னதில்லை. சாயந்திரம் வரை இரண்டு மூன்று முறை அவள் பக்கத்தைத் திறந்து பார்த்தான். பார்க்க அதில் ஒன்றும் புதிதாக இல்லை. ஐந்து மணி வாக்கில், எப்படி இருக்கும் என்று பார்ப்பதற்காக, ஜோஸ் என்பதை அழித்துவிட்டுக் கிருபானந்தம் என்று அடித்தான். கேன்சல் கொடுத்து மூடிவிடலாம் என்றுதான் நினைத்திருந்தான். அப்போது போன் அடித்தது. பேரணாம்பட்டு யூனிட்டுக்கான கம்ப்யூட்டர் லைன் போய்விட்டது என்றார்கள். ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு, பழக்கத்தில் கை ஓகேவை அழுத்தியது. லைன் திரும்பி வர ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. பிறகு அறையைப் பூட்டிக்கொண்டு ரூமுக்குப் போய்விட்டான்.

மறுநாள் காலை ஒன்பதரைக்கு எக்ஸ்போர்ட் மேனேஜர் ரஷீத் அஹமது போன் செய்தார்.

"சுந்தரம், இன்னாபா இது? மெயில் போடலாம்னு பாத்தா எப்சி ஜோஸையே காணோம். எப்சி கிருபானந்தம்னு யாரோ வருது. பேஜாராயிருக்கு, சட்டுனு சரி பண்ணு."

முந்தின நாள் கேன்சலுக்குப் பதில் ஓகே அழுத்திவிட்டது சுந்தரமூர்த்திக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. எப்சியைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது; என்ன சொல்வது என்று தெரியவில்லை. அவசரமாக அவள் பக்கத்தைத் திறந்து பழையபடி ஜோஸ் என்று அடித்தான். ஓகே கொடுத்தான். "சிஸ்டத்துல சின்னத் தப்பு சார், சரியாயிடுச்சு" என்று ரஷீத் அஹமதுவிடம் சொன்னான்.

பத்து நிமிஷத்தில் எப்சி மேலே வந்துவிட்டாள்.

"ரஷீத் சார் உங்களுக்குப் போன் பண்றதுக்கு முன்னாடி என்னைத்தான் கேட்டார். செக்‌ஷனே கேக்கற மாதிரி, உன் பேரு இன்னாம்மா மாறிப்போச்சுன்னு கேட்டார். இருபது பேரு திரும்பிப் பாத்தாங்க. தப்புன்னு சொல்ல எனக்கு வாய் வரல. அதான் சார் என் பேருன்னு சொல்லிட்டேன். அவர் நம்பல, விளையாடறேன்னு நினைச்சார். இப்ப உங்கள கேட்டுட்டு, பாத்தியா, சிஸ்டம் தப்புதான்றார்."

"நான் வேணும்னு பண்ணல மேடம். கை தவறி..."

"தெரியும். பண்ணது கை தவறின்னே வெச்சுக்கலாம். அதான் என் பேருன்னு எல்லார் முன்னாடியும் நான் சொன்னப்புறம் திரும்ப மாத்தினது? ரெண்டு தடவையும் நீங்க என்னைக் கேக்கலயே சார்."

அவள் குரல் உயரவில்லை. அவன் எழுந்து தன் நாற்காலியை அவள் பக்கம் தள்ளினான். அவள் உட்கார்ந்தாள். அவன் பக்கத்தைத் திறந்துகொடுத்ததும் அவளே ஜோஸ் என்பதை அழித்தாள். ஒவ்வோர் எழுத்தாகத் தன் அப்பா பெயரை அடித்தாள். ஒரு முறை படித்துப் பார்த்தாள்.

"எது அழுத்தணும்?"

"இது."

அழுத்திவிட்டு எழுந்து போனாள்.

அதன் பிறகு அவள் மாடிக்கு வரவில்லை. வேலை இருந்தால் போனில் சுருக்கமாகச் சொல்வாள். செப்டம்பர் நடுவில், பிரிண்டர் விஷயமாகப் பேசி முடித்தபோது, அவன் தயங்கித் தயங்கி நிச்சயதார்த்தம் எப்படி நடந்தது என்று கேட்டான்.

"நடந்துச்சு. நான் போகல. வரவேணாம்னு யாரும் சொல்லல. வான்னும் சொல்லல."

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று அவன் ரிசீவரை இறுக்கிப் பிடித்தான். அவள் வைத்துவிட்டிருந்தாள். அன்றைக்கு அவன் கேன்டீனுக்கும் போகவில்லை.

நவம்பரில் அவள் தானே கேட்டுப் பேரணாம்பட்டு யூனிட்டுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டாள். உத்தரவின் நகல் சுந்தரமூர்த்தி மேசைக்கு வந்தது. அவளுடைய பெயரை ஆம்பூர் ஃபோல்டரிலிருந்து எடுத்துப் பேரணாம்பட்டில் வைக்க வேண்டும். இரண்டு கிளிக் வேலை. அவன் அவளுக்குப் போன் செய்தான்.

"மேடம், உங்க கம்ப்யூட்டர் கணக்க அந்த யூனிட்டுக்கு மாத்தணும். இன்னைக்கே பண்ணட்டுமா, திங்கட்கிழமை பண்ணட்டுமா?"

தையல் மெஷின் சத்தத்துக்கு நடுவே அவள் குரல் வந்தது.

"திங்கட்கிழமை பண்ணுங்க. இந்த வாரம் இங்கதான் இருப்பேன்."

"சரி மேடம். அன்னைக்கு நடந்ததுக்கு..."

"பரவால்ல சார், விடுங்க." வைப்பதற்கு முன் கேட்டாள்: "அங்க பாஸ்வேர்டு மறந்துட்டா உங்களத்தான் கூப்பிடணுமா?"

"இல்ல. அங்க ஜெஃப்ரின்னு ஒருத்தர் இருக்கார். அவரே போட்டுத் தருவார்."

"அப்ப சரி" என்றாள்.

உண்மையில் ஜெஃப்ரிக்கு அந்த அனுமதி இன்னும் கொடுக்கப்பட்டிருக்கவில்லை. சுந்தரமூர்த்தி ரிசீவரை வைத்ததும் பேரணாம்பட்டு ஃபோல்டரைத் திறந்தான். அந்த யூனிட் ஆட்களின் பாஸ்வேர்டுகளை மாற்றும் உரிமையை ஜெஃப்ரியின் பெயருக்குக் கொடுத்தான். திரை ஒவ்வொன்றாகக் கேட்ட கேள்விகளுக்கு நிதானமாகப் படித்துப் பதில் சொன்னான். திங்கட்கிழமை எட்டரைக்கெல்லாம் வந்து எப்சியின் பெயரை மாற்றி வைத்தான். பிறகு கீழே இறங்கி, மற்றவர்கள் டீ குடித்துக்கொண்டிருந்த இடத்துக்குப் போய் ஓரமாக நின்றான். யாரோ நகர்ந்து இடம் கொடுத்தார்கள். அவன் யார் என்று அவர்களுக்குத் தெரியவில்லை.