தோள் படாமல் நில்லுங்கள்

1

இந்தக் கதை கிடைத்தது ஒரு சுவரில். மலேசியாவில், கிள்ளானில் தெரிந்தவர் வீட்டுப் பிறந்தநாள் விருந்துக்குப் போயிருந்தேன். பிரியாணித் தட்டோடு நிமிர்ந்தால் எதிரே குடும்பப் படம். எல்லாரும் நெருக்கியடித்து நிற்கிறார்கள். நடுவில் உட்கார்ந்திருக்கும் அம்மாவைச் சுற்றி மட்டும் ஒரு சாண் வெற்றிடம்.

“ஏன் இப்படி?” என்றேன்.

“அது கம்போசிஷன் லா,” என்றார் வீட்டுக்காரர். உடனே பேச்சை மாற்றினார்.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். மீதியெல்லாம் நான் கட்டியது. நம்பினால் நம்புங்கள்.

2

(தங்கமணி கேமராவை எடுத்தபோது வானம் இருண்டு — வேண்டாம். ஸ்டூடியோவுக்குள் ஏது வானம்?)

(புகைப்படம் என்பது காலத்தின் — சீ, இதையெல்லாம் யார் படிப்பது.)

நேராகவே சொல்லிவிடுகிறேன். தங்கமணிக்குக் கிள்ளான் கடைத்தெருவில், துணிக்கடைக்கு மேல்மாடியில் ஸ்டூடியோ. தொழிலில் கெட்டிக்காரி. குடும்பப் படம் என்றால் தோளுக்குத் தோள் கொஞ்சம் மறைய வேண்டும், உட்கார்ந்திருப்பவர் தோளில் பின்னால் நிற்பவர் கை விழ வேண்டும் என்பாள். தள்ளி நிற்பவர்களை, “என்ன, பங்காளிச் சண்டையா?” என்று அதட்டுவாள்.

அன்றைக்கு யுகேந்திரன் குடும்பத்தைக் கீழே காரில் விட்டுவிட்டு முதலில் தனியாக ஏறி வந்தான்.

“அக்கா, அம்மாவுக்கு கேன்சர். டாக்டர் கைய விரிச்சிட்டாரு. அம்மாகிட்ட நாங்க சொல்லல.”

“அடப் பாவமே.”

“பின்னால மாட்டறதுக்கு நல்ல படம் ஒன்னுகூட இல்ல. ஐசில, அடையாளக் கார்டுல இருக்கறத பெருசாக்குனா பாக்கவே முடியாது. தனியா உக்கார வச்சா அம்மா கண்டுபிடிச்சிடும் லா. குடும்பப் படம்னு எடுங்க, பிறகு அம்மாவ மட்டும் வெட்டி எடுத்துக்கலாம். போலேவா, முடியுமா?”

“போலே,” என்றாள் தங்கமணி. ஆனால் சுத்தமாக வெட்ட வேண்டுமானால் அம்மா மேல் யாருடைய கையும் தோளும் படக்கூடாது.*

* நம்மவர்களில் வயதான ஒருவரைத் தனியாக நாற்காலியில் உட்கார வைத்துப் படம் எடுத்தால், அது மாலை போடுவதற்கு என்று அவருக்கே தெரியும். தெரியாத மாதிரி சிரித்துக்கொண்டிருக்க வேண்டியதும் அவர்தான்.

3

யுகேந்திரன்மேல் எனக்கு ஒரு சந்தேகம். முதலில் அவனைக் கல்நெஞ்சனாக எழுதி, பிறகு அடித்துவிட்டேன். அம்மா ஏறிய படிகளிலெல்லாம், விழுந்தால் பிடிக்க இரண்டு கையையும் விரித்தபடி பின்னால் வந்தவன் அவன். நாற்காலியைக் கைக்குட்டையால் துடைத்தும் வைத்தான். பாசக்காரன்தான். அந்தப் பாசம், அம்மா செத்தபிறகு மாட்டும் படத்தைப் பற்றியே கவலைப்பட்டதுதான் எனக்கு எரிச்சல்.

அம்மா பவுனம்மாள் நடுவில் உட்கார்ந்தார். பின்னால் மகன், மருமகள், பிள்ளைகள் இருவர். பழக்கதோஷத்தில் யுகேந்திரனின் கை மனைவி தோளில் போய் விழுந்தது. சின்னவள் பாட்டிமேல் சாய வந்தாள்.

“சாயாதடா செல்லம், தள்ளி நில்லு,” என்றாள் தங்கமணி.

“ஏம்மா, தோள்ல கை போடச் சொல்லலையா? எல்லா எடத்துலயும் சொல்லுவாங்களே,” என்றார் பவுனம்மாள்.

“இப்ப புது ஸ்டைல் ஆன்டி. சுத்தி இடம் விடணும்.”

பவுனம்மாள் பின்னால் திரும்பி மகனைப் பார்த்தார். அவன் சட்டைக் காலரைச் சரி செய்துகொண்டிருந்தான். புடவைத் தலைப்பை ஒழுங்குபடுத்தத் தங்கமணி குனிந்தபோது, அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

“திருநீறு கலைஞ்சிருக்கான்னு பாரும்மா. பெருசாக்கறப்ப தெரியும்.”

தங்கமணி திருநீற்றைச் சரி செய்தாள். ‘தம்பி, ஒரு படம் கை போட்டு எடுத்துக்கலாம்’ என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகிவிடும்? சொல்லவில்லை. ஏனென்றால் அவள் — (இந்த வாக்கியம் எனக்கு வரவில்லை. மூன்று காரணம் எழுதிப் பார்த்தேன், எல்லாம் சப்பைக்கட்டு.)

4

அம்மாவின் கருமக்கிரியை முடிந்து யுகேந்திரன் வந்தான். வெட்டி எடுத்த படம் பிரமாதமாம். அம்மா உயிரோடு உட்கார்ந்திருப்பதுபோல இருக்கிறது என்று வந்தவர்களெல்லாம் சொன்னார்களாம். உயிரோடுதானே உட்கார்ந்திருந்தார்?

“ஹால்ல குடும்பப் படத்த மாட்டணும் அக்கா. ஆனா இந்த கேப் அசிங்கமா இருக்கு. அம்மா தோள்ல என் கை இருக்கற மாதிரி எடிட் பண்ணிக் குடுங்க.”

கையைத் தேடி எங்கும் போக வேண்டியதில்லை. அதே படத்தில் அவன் மனைவியின் தோளில் இருக்கிறது. அதை நகலெடுத்து, அளவைச் சரிசெய்து, கீழே நிழல் கொடுத்து, புடவையில் லேசாக ஒரு மடிப்பு வைத்தாள். அச்சாகப் பொருந்தியது. யுகேந்திரனுக்குக் கண் கலங்கிவிட்டது.

தங்கமணி அதைச் சேமிக்கப் போகும்போது கேட்டான்.

“அக்கா, அன்னைக்கு அம்மா உங்ககிட்ட என்னமோ மெதுவா சொன்னாங்களே. என்ன அது?”

5

இனி முடிவு. இரண்டு எழுதி வைத்திருக்கிறேன்.

ஒன்றில் தங்கமணி, “திருநீற பாக்கச் சொன்னாங்க தம்பி,” என்று பாதியோடு நிறுத்திக்கொள்கிறாள். அவன் படத்தோடு போகிறான், நன்றாகத் தூங்குகிறான். அந்தத் தூக்கம் எனக்குப் பொறுக்கவில்லை.

இன்னொன்றில் ‘பெருசாக்கறப்ப தெரியும்’ என்றதையும் சேர்த்து முழுவதையும் சொல்கிறாள். அவன் திரையைத் தொட்டுக் காட்டி, “அந்தக் கைய எடுத்துடுங்க அக்கா,” என்கிறான். அந்த முகத்தையும் என்னால் பார்க்க முடியவில்லை.

சுவரில் இருந்த படத்தில் இடைவெளி அப்படியே இருந்ததே, அப்படியானால் இரண்டாவதுதான் என்று அவசரப்படாதீர்கள். அந்தச் சுவரையும் உங்களுக்குச் சொன்னது நான்தான்.

தங்கமணி எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டாள். நானும் எழுந்துவிட்டேன். நாற்காலி காலியாக இருக்கிறது, வந்து உட்காருங்கள். அவன் உங்களைத்தான் பார்க்கிறான். அம்மா என்ன சொன்னார் என்று உங்களுக்கும் தெரியும்.